கப்பல் அறையின் தாழ்ப்பாள்

இரும்புச் சுவரில் ஒரு தலை மோதினால் எழும் ஒலி, சுண்ணாம்புச் சுவரில் மோதுவதைப் போல அந்த இடத்திலேயே அடங்கிவிடுவதில்லை. அது நடுங்கிக்கொண்டே பக்கத்து அறைக்கும் அதற்கடுத்த அறைக்கும் போய்ச் சேர்கிறது. இந்த வேறுபாட்டை என் பதினொன்றாம் வயதில், கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போன கப்பலில் தெரிந்துகொண்டேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீடு தெருவை ஒட்டியிருந்தது. அப்பா மத்திய அரசு அலுவலர். ஞாயிறு ஆராதனையில் கணீரென்ற குரலில் வேதபாடம் வாசிப்பவர். அம்மாவை அடிக்கும் முன் என் பக்கம் திரும்பி, "ஏட்டி, ரேடியோவை வை" என்பார். நான் எழுந்து தெருப்பக்கத்து ஜன்னல்கள் இரண்டையும் சாத்திவிட்டு, ரேடியோவின் குமிழை முக்கால் அளவு திருப்புவேன். முழுதும் திருப்பினால் கரகரப்பு வந்துவிடும், பாதி திருப்பினால் அம்மாவின் குரல் வெளியே கேட்கும் என்பதைப் பழக்கத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்யும் பிள்ளை என்பதால் என்னை அவர் ஒருமுறைகூட அடித்ததில்லை.

அந்த ஆண்டு முழுப்பரீட்சை முடிந்ததும், "எல்.டி.சி."யில், அதாவது அரசு தரும் விடுமுறைப் பயணச் சலுகையில், கப்பல் பயணம் என்று அப்பா அறிவித்தார். குடும்பத்தோடு ஐந்து நாள், தீவுகள், கண்ணாடி அடித்தளப் படகில் பவளப்பாறை. எதிர்வீட்டு அண்ணாச்சி, "இங்கன குடிக்கிற தண்ணிக்கே குடத்தை வரிசையில வச்சிட்டுக் கெடக்கோம், நீங்க கடலுக்குல்லா போறிய வே!" என்று சிரித்தார். அப்பா புதுச் சட்டை தைத்துக்கொண்டார். நான் அவருடைய அலுவலக டைரி ஒன்றைக் கேட்டு வாங்கி, ரயில் ஏறிய நேரத்திலிருந்து ஒன்றுவிடாமல் குறிக்கத் தொடங்கினேன்.

கப்பல் கொச்சித் துறைமுகத்தைத் தாண்டியதுமே ஆட ஆரம்பித்தது. சாப்பாட்டுக் கூடத்தில், எல்லார் முன்னாலும், அம்மா அப்பாவின் புதுச் சட்டைமேல் வாந்தி எடுத்துவிட்டாள். அப்பா சிரித்தபடியே அவள் தோளை அணைத்து எங்கள் அறைக்குக் கூட்டிவந்தார். கதவைச் சாத்தினார். அம்மாவின் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். சுவர் மணி அடித்ததுபோல முழங்கியது. நான் வழக்கப்படி எழுந்துவிட்டேன். திருப்புவதற்கு ஒன்றும் இல்லாததால் நடுவில் அப்படியே நின்றேன்.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு. ஒரு பெண் குரல்: "என்னம்மா, விழுந்துட்டியளா?"

"ஒண்ணுமில்லம்மா, ஆட்டத்துல பெட்டி விழுந்துட்டு" என்றார் அப்பா, வேதபாடம் வாசிக்கும் அதே குரலில். பிறகு சத்தம் எழாத இடங்களாகப் பார்த்து அடித்தார். விலா, தொடை, முதுகு. அம்மா தலையணை நுனியைக் கடித்துக்கொண்டாள்.

குரலுக்கு உரியவரை மறுநாள் காலையில் பார்த்தோம். பெயர் ரூபி, நாகர்கோவிலில் நர்ஸ், கையில் எப்போதும் ஒரு நீளக் குடை. அம்மாவின் நெற்றியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "பெட்டி நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார். அப்பாவின் முகம் கறுத்தது.

அன்று தீவில் இறங்கினோம். கப்பல் தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறைக்கு வெளியே நிற்க, சிறு படகுகளில் எங்களை இறக்கினார்கள். கரையில் இளநீர் கொடுத்தார்கள். பிள்ளைகள் தண்ணீரில் புரண்டார்கள். அம்மா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பச்சை நிறத் தண்ணீரில் தனியாக நெடுநேரம் நின்றாள். மூன்று மணிக்குத் திரும்பும் படகுக்கு விசில் ஊதியபோது அவள் ஒரு தென்னையடியில் உட்கார்ந்துகொண்டு, "நான் வரலை. நீங்க போங்க" என்றாள்.

அப்பா முதலில் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குனிந்து முடியைப் பிடித்து இழுத்தார். மணலிலும் பவளக் கற்களிலும் அவள் கால்கள் உரசி, தண்ணீரைத் தொட்ட இடம் சிவந்தது. ரூபி அத்தை ஓடிவந்து, "கையை எடும் வேய்! மனுசன்தானா நீரு?" என்று அப்பாவின் முழங்கையில் குடையால் ஓங்கி அடித்தார். படகோட்டிகள் இருவரையும் விலக்கிவிட்டார்கள். தீவு அலுவலர் ஒருவர் வந்து விவரம் கேட்டார். அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே யாரும் ஓர் இரவுகூடத் தங்க முடியாது என்றார். சொல்லிவிட்டு, வேறு வழி இருக்குமா என்பதுபோலக் கையிலிருந்த தாளை மேலும் கீழும் வாசித்தார். அம்மா எழுந்து படகில் ஏறினாள்.

கப்பலில் ரூபி அத்தை எங்கள் இருவரையும் தன் அறையில் வைத்துக்கொண்டார். அம்மா படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தாள். "டாக்டரைக் கூட்டிட்டு வாரேன். யாரு தட்டினாலும் தொறக்காத பிள்ளே" என்று என்னிடம் சொல்லி, நான் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகே போனார். அப்போது மணி ஐந்தேகால்.

சிறிது நேரத்தில் ஒற்றை விரலால் மெல்லத் தட்டும் ஓசை. "மக்கா, அப்பாதான். தொற."

நான் அசையவில்லை. "அம்மாட்ட மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன் மக்கா." அதற்கும் அசையவில்லை. பிறகு, குரலை உயர்த்தாமல், "ஏட்டி" என்றார். அவ்வளவுதான். என் கை போய்த் தாழ்ப்பாளை விலக்கியது.

என்னைத் தாண்டி வந்து அம்மாவின் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவள் எழுந்து வெளியே ஓடப் பார்த்தாள். கப்பல் கதவுகளுக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு இரும்பு விளிம்பு இருக்கும்; அதில் கால் தடுக்கி நடைவழியில் இடதுகை அடியில் மடங்க விழுந்தாள். விழுந்த கையின்மேல் அப்பா மிதித்தார். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. இரண்டாவது, மூன்றாவது மிதி விழுவதற்குள் வரிசையாகக் கதவுகள் திறந்தன. லுங்கி கட்டிய ஒருவர் அப்பாவின் கழுத்தைப் பின்னாலிருந்து இறுக்கினார். இன்னொருவர் கன்னத்தில் அறைந்ததில் வாயோரம் ரத்தம் வந்தது.

"எம் பொண்டாட்டியை நான் அடிப்பேன், உங்களுக்கென்ன வே?"

"அடிப்பீரோ? இன்னொருக்கச் சொல்லும், கடல்லதான் கெடப்பீரு" என்றார் லுங்கிக்காரர்.

மீதிப் பயணம் முழுவதும் அப்பாவை வேறோர் அறையில், காவலோடு வைத்திருந்தார்கள். கொச்சியில் அவர் ரயிலடிக்குப் போனார். கையில் கட்டோடு அம்மாவும் நானும் ரூபி அத்தையுடன் நாகர்கோவிலுக்குப் போனோம். அங்கே ஒரு விடுதியில் மேற்பார்வை வேலை பார்த்து அம்மா என்னைப் படிக்க வைத்தாள். அப்பா இறந்த பிறகே சங்கரன்கோவில் வீட்டுக்குத் திரும்பினோம்.

எல்லாரிடமும் சொன்னதையே அன்றைய டைரியிலும், "கப்பல் ஆடியதில் தாழ்ப்பாள் தானாகக் கழன்றது" என்று எழுதினேன். இத்தனை ஆண்டு டைரிகளில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

போன வாரம் என் மகன் கைபேசியில் ஒரு சொகுசுக் கப்பலின் படங்களைக் காட்டினான். நீச்சல் குளம், சறுக்கு மரம், குழந்தைகளுக்கென்று ஒரு தளம். குடும்பத்தோடு போகலாம் என்றான். நாங்கள் போன கப்பல் எப்போதோ உடைபட்டிருக்கும். கொச்சிக்குப் போகும் வழியில் கொல்லம்வரை எங்களைக் கொண்டுசென்ற மீட்டர் கேஜ் ரயில்பாதை இல்லை. ரூபி அத்தை இல்லை. அப்பாவின் குரலைக்கூட என்னால் இப்போது முழுதாக நினைவுக்குக் கொண்டுவர முடிவதில்லை, அந்த ஒரு சொல்லைத் தவிர.

மகன் போனதும் அம்மாவின் அருகில் உட்கார்ந்தேன். கோணலாகக் கூடிப்போன அந்த மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்குத் தாழ்ப்பாள் தானா கழலலை. நான்தான் தொறந்தேன்."

"தெரியும்ட்டி. முழிச்சுத்தான் கெடந்தேன். நீ கையைக் கொண்டு போனதையும் பாத்தேன்."

"பொறவு ஏன் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை?"

அம்மா கீரைக் காம்பை ஒதுக்கி வைத்தாள். "தொறக்காட்டா, அடுத்த அடி உனக்குல்லா விழும்."