கோமதி ஜெர்மனிக்குப் போகிறாள்: புத்தூர் – திருப்பதி, ஒரு பகல், நிறைய வயிற்றெரிச்சல்

வெளிநாட்டில் பிஎச்.டி. செய்யப்போகிறேன் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். போகக் கிளம்பியவள் என் சித்தப்பா மகள் கோமதி. என்னைவிட நான்கு வயது சின்னவள். நான் படித்த அதே தாவரவியல், அதே திருப்பதிப் பல்கலைக்கழகம். ஜெர்மனியில் நிலக்கடலைப் பூஞ்சையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அவளுக்கு இடம் கிடைத்தது. கடந்த ஜூனில் ஒரு புதன்கிழமை, மதிப்பெண் சான்றிதழின் முத்திரையிட்ட நகல் வாங்கத் துணைக்கு வரச் சொன்னாள். மறுநாள் சென்னையில் அவளுக்கு விசா நேர்காணல். உள்ளே புகைந்துகொண்டிருந்தாலும் சிரித்த முகத்தோடு கிளம்பினேன்.

புத்தூரிலிருந்து திருப்பதி 35 கிலோமீட்டர். காலை 8.10-க்கு பஸ். ஆந்திர முகவரியுள்ள ஆதார் இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். வடமாலைப்பேட்டை சுங்கச்சாவடியில் கொஞ்சம் நெரிசல், 9.25-க்கு இறங்கினோம்.

வழியில், எப்படிக் கிடைத்தது என்று போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். நான் தரவரிசையில் முதலில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே விண்ணப்பித்தவள். ஒன்றில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. கோமதி தன் பூஞ்சையில் வேலை செய்கிற பேராசிரியர்களைத் தேடி, அவர்களின் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒன்பது பேருக்கு எழுதியிருக்கிறாள். இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவரிடம் இப்போது படிக்கிற மாணவியையே பிடித்து, மனுஷன் எப்படி என்று விசாரித்திருக்கிறாள். அவரிடமே இடம் கிடைத்தது. அங்கே பிஎச்.டி. என்பது சம்பளமுள்ள வேலை, படிப்புக் கட்டணம் கிடையாது.

"நீ காலேஜ் பேர பாத்துக்கினு இருந்தக்கா. நான் ஆள பாத்து எழுதினேன்" என்றாள். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் எரிந்தது.

பஸ் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 20 ரூபாய். ஜெர்மனி என்று காதில் விழுந்ததும் ஆட்டோக்காரர் திரும்பி எனக்கு வாழ்த்துச் சொன்னார். கோமதி திருத்துவாள் என்று பார்த்தேன். அவள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். போகப்போவது நானில்லை என்று நானே சொல்லித் தொலைக்க வேண்டியதாயிற்று.

அலுவலகத்தில்தான் வில்லங்கம். தெலுங்குக்காரர்கள் பெயருக்கு முன்னால் குடும்பப் பெயர் வைப்பார்கள், இன்டிபேரு என்று. எங்களைப்போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு அது கிடையாது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கேட்டிருக்கிறார், சித்தப்பா சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டார். ஆகவே சான்றிதழில் அவள் 'நகரி கோமதி'. அடையாளத்துக்குக் கொடுத்த பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு 'கோமதி முனுசாமி'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொண்டுவராமல் நகல் தர முடியாது என்று கிளார்க் பணிவாகவே சொல்லிவிட்டார்.

கோமதி வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "நாளிக்கு இன்னாக்கா செய்வேன்?" என்றாள்.

எனக்கு வழி தெரியும். நானும் 'நகரி'தான், என் பாஸ்போர்ட்டுக்கும் இதே கூத்து நடந்தது. கோர்ட் பக்கம் போனால் நோட்டரி ஒரு மணி நேரத்தில் பிரமாணப் பத்திரம் போட்டுத் தருவார். சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? இரண்டு டீ வாங்கி வந்து, என்னுடையதைக் குடித்து முடிக்கிறவரை நிஜமாகவே யோசித்தேன். அவளுடைய டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. எழுந்திரு, கோர்ட்டுக்குப் போகலாம் என்றேன்.

முத்திரைத்தாள், டைப்பிங், கையெழுத்து எல்லாம் சேர்த்து 500 ரூபாய். மூன்று மணிக்கு நகல் கையில் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். விசாவும் வந்து, செப்டம்பரில் போய்ச் சேர்ந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள், ஆந்திர எல்லையில் இருக்கும் எங்களைப்போன்ற தமிழர்கள் முக்கியமாக. நகல் வாங்குவதை விசாவுக்கு முந்தின நாள்வரை இழுக்காதீர்கள். இடம் கிடைத்தது என்றால் இனிப்பு வாங்குவதற்கு முன் உதவித்தொகை உண்டா, எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். எந்த ஊர் என்பதைவிட யாரிடம் நான்கு வருடம் தள்ளப்போகிறீர்கள் என்பது முக்கியம்.

போன வாரம் கோமதியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "எங்க சாரு இன்னோர் ஆளு தேடிக்கினு கீறாருக்கா. உன் பேர சொல்லிக்கீறேன், எழுது."

நான்கு வயது சின்னவளின் சிபாரிசு. கிடைத்தால் அங்கே அவள் எனக்கு சீனியர். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன், மூன்றாம் நாள் அவருடைய கட்டுரைகளை எடுத்துப் படித்தேன். மெயில் எழுதி, அனுப்புவதற்கு முன் கோமதியிடமே பார்க்கக் கொடுத்தேன். நான்கு தப்பு கண்டுபிடித்தாள். அவள் சொன்னது நான்குமே சரிதான்.