தொண்ணூறு சதவீதம் என்றார் டாக்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, துர்கா பூஜை விடுமுறை முடிந்த சமயம். கணவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. நான் பவானிபூரில் ஒரு பயிற்சி மையத்தில் வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை; பௌதி என்று நான் அழைக்கும் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி கூப்பிட்டாரே என்று போனேன். சில நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. போனேன். முகாமில் எடுத்த மார்பக எக்ஸ்ரே படத்தில் சந்தேகமாக ஏதோ தெரிகிறது, ஊசி வழியே துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இந்தப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டேன். நிதானமாக விளக்கினார். "தொண்ணூறு சதவீதம்" என்று காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் உதடு அசைந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. கணவரிடம், "தொண்ணூறு பர்சன்ட் கேன்சர்தானாம்" என்றேன். அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். அன்று சதவீதப் பாடம். முன் வரிசைப் பெண் ஒருத்தி மாதிரித் தேர்வில் தனக்குத் தப்பாகிப்போன கணக்கைக் கேட்டாள். ஒரு தொழிற்சாலையில் செய்யும் பல்புகளில் நூற்றுக்கு ஒன்று பழுது. சோதனை எந்திரம் பழுதான பல்புகளில் தொண்ணூறு சதவீதத்தைப் பிடித்துவிடும். ஆனால் நல்ல பல்புகளிலும் பத்து சதவீதத்தைப் பழுது என்று ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்டவற்றில் உண்மையிலேயே பழுதானவை எத்தனை சதவீதம்?

வகுப்பே தொண்ணூறு என்றது. எல்லா வருடமும் அப்படித்தான் சொல்வார்கள். பழுதானதில் எத்தனை பிடிபடும் என்று கேட்கவில்லை, பிடிபட்டதில் எத்தனை பழுது என்றுதான் கேட்கிறார்கள் என்று நானும் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே பலகையில் எழுதினேன். ஆயிரம் பல்பு. பழுது பத்து, அதில் பிடிபடுவது ஒன்பது. நல்லது தொள்ளாயிரத்துத் தொண்ணூறு, அதில் வீணாக மாட்டுவது தொண்ணூற்றொன்பது. மாட்டியது மொத்தம் நூற்றெட்டு. அதில் பழுது வெறும் ஒன்பது.

ஒன்பது என்று எழுதும்போதே கை நின்றுவிட்டது. சாக்பீஸைப் போட்டுவிட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்னது எந்தத் தொண்ணூறு?

"மிஸ், கீ ஹோலோ?" என்று அந்தப் பெண் ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். என்ன ஆயிற்று என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

வராந்தாவுக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நோய் இருப்பவர்களில் தொண்ணூறு சதவீதம் பேரை இந்தப் படம் காட்டிக்கொடுக்கும், நோயே இல்லாத பலருக்கும் இப்படித் தெரியும், திரும்ப அழைக்கப்படுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் இருக்காது என்று அன்றைக்கே சொன்னாராம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேனாம். எனக்கு ஒரு சொல்கூட நினைவில்லை.

அன்று மாலை கணவரிடம் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "குறைவுன்னா இல்லவே இல்லன்னு அர்த்தமில்லயே. டெஸ்ட் எடுத்துடலாம், நானும் வரேன்" என்றார். அது சரிதான். எடுத்தோம். முடிவு வந்தது; சாதாரணக் கட்டி, கேன்சர் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்ஸிக்கு நிற்கும்போது இரண்டு பேரும் வெட்கமில்லாமல் அழுதோம்.

வருடக்கணக்கில் பிள்ளைகளிடம் "இந்தக் குழியில் விழாதீங்க" என்று சொன்னவள், என் உயிர் என்று வந்ததும் அதே குழியில் தலைகுப்புற விழுந்ததை நினைத்தால் இன்றும் திக்கென்கிறது. இப்போதெல்லாம் தெரிந்தவர் யாராவது ரிப்போர்ட் வாங்கப் போகிறேன் என்றால் நானும் கூடப் போகிறேன்; பயத்தில் அவர் காதில் விழாமல் போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள ஒருத்தி வேண்டும்.