அமிர்தவேணி பாடாத பாட்டு

அந்தப் பாட்டைப் பாடியவள் நான். அமிர்தவேணி அல்ல!

எந்தப் பாட்டு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள்... இத்தனை வருஷமாக நீங்கள் தேடிக்கொண்டிருப்பதுதான். எந்தப் படத்திலும் வராத பாட்டு; எந்தக் கடையிலும் கிடைக்காத பாட்டு. சேலத்து மில்காரர் ஒருவர் அதை டேப்பில் பிடித்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரே ஒரு முறை கேட்டால் போதும் என்று அவர் வாசலில் போய் நிற்கிறீர்களே, அந்தப் பாட்டு. பேரும் புகழும் வருவதற்கு முன்னால் அமிர்தவேணி பாடியது என்கிறீர்கள். அந்தக் குரல் பிற்பாடு அவருக்கே திரும்ப வாய்க்கவில்லை என்கிறீர்கள். அவரே மேடையில் நின்று மறுத்த பிறகும், ஏதோ காரணத்துக்காக மறைக்கிறார் என்று நம்புகிறீர்கள்.

மறைத்தவள் நான்.

பாடியதற்காக நான் வெட்கப்படவில்லை. நன்றாகப் பாடினேன். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. என் குற்றம் வேறு. நான் வாயைத் திறக்காததால் ஒரு மனிதர் ஊருக்கு முன்னால் பொய்யராக நின்றார். அவர் என் கொழுந்தனார், துரைசாமி.

நான் பிறந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். பக்கத்து வீட்டு சூசை மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் ஹார்மோனியம் வாசிப்பார். மற்ற நாட்களில் சினிமா ஸ்டுடியோவில் வாசிப்பார். அவர் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து நானும் பாடக் கற்றேன். ஒரு தரம் கேட்டால் மெட்டு எனக்குள் உட்கார்ந்துவிடும். இந்தக் குரலைச் சும்மா விடக்கூடாது என்று அப்பாவிடம் மன்றாடி, சூசை மாமா என்னை ஸ்டுடியோவுக்குக் குரல் பரீட்சைக்கு அழைத்துப்போனார். அப்போது எனக்குப் பதினேழு வயது.

அங்கே இன்னொரு பெண்ணும் காத்திருந்தாள். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வழிய வாரிய தலை, அம்மாவின் கையை விடாத பிடி. அவள்தான் அமிர்தவேணி! குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். பானையைக் காட்டினேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

முதலில் அவளை அழைத்தார்கள். பிறகு என்னை. சூசை மாமா எனக்காகவே மெட்டுப் போட்ட பாட்டைப் பாடினேன். இரண்டாம் சரணத்தில் தொண்டை வறண்டு, ஓரிடத்தில் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு கணம் நின்றுவிட்டேன். மறுகணமே பிடித்துக்கொண்டேன். இருவர் பாட்டையும் தனித்தனித் தட்டில் பதிவு செய்தார்கள். கேட்டு முடித்த பெரியவர்கள், இரண்டு குரலும் ஒரே ரகம், ஒன்று போதும் என்று சொல்லி அவளை மட்டும் எடுத்துக்கொண்டார்களாம்.

சூசை மாமா வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் அழவில்லை. தோற்றதாக எனக்குத் தோன்றவே இல்லை. வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றாள்... அவ்வளவுதானே!

அடுத்த தை மாதம் திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம் வைத்துப் பயிர் செய்யும் ஒரு குடும்பத்தில் எனக்குக் கல்யாணம். பெண் சினிமாக் கம்பெனி வாசலை மிதித்தவள் என்று தெரிந்தால் சம்பந்தம் நிற்காது. அதை இத்தோடு மறந்துவிடு என்றார் அப்பா. மறந்தவளைப் போல நடந்துகொண்டேன். அந்த வீட்டில் நான் பாடியதே இல்லை. என் பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போதுகூட வெறுமனே தட்டிக்கொடுத்தேனே தவிர, தாலாட்டவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கிணறும் மாடும் போதும். அவர் தம்பி துரைசாமி வேறு மாதிரி. பருத்தியையும் கடலையையும் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது அவர் பொறுப்பு. மீதி நேரமெல்லாம் அமிர்தவேணிதான்! அதற்குள் அவள் பெரிய பாடகி ஆகியிருந்தாள். வானொலியில் அவள் குரல் வந்தால் துரைசாமி சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். திருச்செங்கோட்டில் அவளுக்கு ரசிகர் சங்கம் வைத்து, தலைவராகவும் இருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் சேலத்திலிருந்து வந்தவர், துண்டில் சுற்றிய ஒரு இசைத்தட்டை அவிழ்த்தார். ஸ்டுடியோவில் முன்பு வேலை பார்த்த யாரோ கொடுத்தது. மேலே பெயர் ஒட்டியிருக்கவில்லை. அமிர்தவேணியின் முதல் பரீட்சைத் தட்டு என்று கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். அவர் வேண்டுமென்று பொய் சொல்லியிருக்க மாட்டார். ஒரே நாளில் பதிவான இரண்டு தட்டுகள்... எது யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"நங்கை, வந்து கேளுங்க. இது எந்தப் படத்துலயும் வராததுங்க" என்று கூப்பிட்டார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் அழைப்பார்கள்.

ஈரக் கையோடு போய் நின்றேன். கிராமபோன் சுழன்றது. முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. என் குரல்! என்னுடைய பதினேழு வயது!

அப்போதே சொல்லியிருக்கலாம். பயம் இருந்தது, உண்மைதான். மாமியார் என்ன சொல்வாரோ, வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ... ஆனால் அந்தப் பயம் ஒரு மாதத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு என்னைத் தடுத்தது எது?

சொல்லிவிடுகிறேன். சுகம்!

ஆட்டையாம்பட்டியிலிருந்தும் நாமகிரிப்பேட்டையிலிருந்தும் சைக்கிளில் ஆட்கள் வருவார்கள். நீங்களும் வந்திருக்கலாம். நான் காப்பி கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அந்த மூச்சு இழுக்கும் இடம் வந்ததும் எல்லோரும் தலையை ஆட்டுவீர்கள். அதில் ஒரு ஏக்கம் தொனிக்கிறது என்பார் ஒருவர். பிறகு வந்த எந்தப் படப்பாட்டும் இதற்குக் கிட்ட வரவில்லை என்பார் இன்னொருவர். அமிர்தவேணியை வைத்தே அமிர்தவேணியைக் குறைத்துப் பேசினீர்கள். நான் சமையலறைக்குத் திரும்பி, யாரும் பார்க்காமல் சிரித்துக்கொள்வேன். மில்காரர் டேப் மெஷினைக் காரில் கொண்டுவந்து பதிவு செய்தபோது, அவருக்கு மட்டும் பலகாரம் சுட்டுக் கொடுத்தேன். புகழை அவள் பேரில் வாங்கிக்கொண்டேன். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அமிர்தவேணி சேலம் பொருட்காட்சிக்குக் கச்சேரி செய்ய வருவதாகச் செய்தி வந்தது. துரைசாமி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க நங்கை, கச்சேரிக்கு முன்னால இந்தத் தட்ட மைக்குல போட்டு உட்டா, அவியளுக்கு எப்படி இருக்குமுங்க?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாடாத பாட்டைத் தன்னுடையது என்று எந்தப் பாடகி ஒப்புக்கொள்வாள்?

"நல்லா இருக்கும் தம்பி. கொண்டுபோய்ப் போடுங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? அவள் கேட்க வேண்டும்! அதற்காகத்தான். பெரிய மைதானத்தில், ஒலிபெருக்கியில், அவள் ஊர் ஊராகச் சம்பாதித்த கூட்டத்துக்கு நடுவில் என் குரல் வர வேண்டும்; அவள் அதை உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த ஆசைக்கு முன்னால் துரைசாமி என் கண்ணிலேயே படவில்லை.

கச்சேரிக்கு மறுநாள் விடிந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டைப் பை கிழிந்திருந்தது. முகம் கழுவாமல் வாசற்படியில் உட்கார்ந்து, நடந்ததை மெதுவாகச் சொன்னார். பாட்டு முடியும் வரை அமிர்தவேணி அசையாமல் கேட்டாளாம். பிறகு மைக்கைப் பிடித்து, இது நான் பாடியதல்ல, என் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். கூட்டம் விசில் அடித்திருக்கிறது. சங்கத்துக்காரர்களே அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். இத்தனை காலமும் ஊரை முட்டாளாக்கினாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

"பாடுனவிய ஆரோ, நல்லாத்தான் பாடியிருக்காங்கன்னு அமிர்தவேணியம்மாவே வேற சொன்னாங்க" என்று முடித்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

"என்னன்னு சொன்னாங்க தம்பி?" என்று கேட்டேன். அவர் திரும்பவும் சொன்னார். காதில் சரியாக விழாதவளைப் போல இன்னொரு தரம் கேட்டேன்... அந்தக் கிழிந்த சட்டையோடு, அவர் அதையும் சொன்னார்!

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நங்கை, நீங்களும் இத்தன நாளாக் கேட்டீங்க. இது அவிய கொரல் இல்லீன்னு உங்களுக்கு ஒரு நாளாச்சும் தோணுச்சுங்களா?"

"பாட்டப் பத்தி எனக்கு என்ன தம்பி தெரியும்" என்றேன்.

நான் சொன்ன பொய் இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் மௌனம். மௌனத்துக்கு ஏதாவது காரணம் கண்டுபிடித்துக்கொள்ளலாம். இதற்கு என்ன காரணம் சொல்வேன்?

அந்த வாரமே சங்கத்தார் வீட்டுக்கு வந்தார்கள். தட்டைக் கொடு, இந்தப் பித்தலாட்டத்தை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். துரைசாமி உள்ளே போய் எடுத்து வந்து, அவர்கள் கண்ணெதிரே அதை முழங்காலில் வைத்து உடைத்தார். அவர்கள் போன பிறகு வாசலைக் கூட்டியவள் நான். துண்டுகளை முறத்தில் அள்ளும்போதும் என் நினைப்பு என் குரலைப் பற்றித்தான் இருந்தது. மில்காரர் டேப்பில் பத்திரமாக இருக்கிறதே என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். பார்த்தீர்களா, என்னை!

துரைசாமி சந்தைக்குப் போவதை விட்டார். திருச்செங்கோட்டுக் கடைவீதியில் அவரைக் கண்டால் யாராவது அந்தப் பாட்டை முணுமுணுப்பார்கள். லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு வடக்கே போனார். மாசக்கணக்கில் வருவதில்லை. நாமகிரிப்பேட்டையில் பெண் எடுத்து அங்கேயே குடித்தனம் வைத்தார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் வந்திருக்கும்போது யாராவது ரேடியோவைத் திருகினால், சண்டை போடமாட்டார், எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விடுவார்.

நீங்களோ இப்போது மறுபடி கிளம்பிவிட்டீர்கள். மில்காரரின் டேப்பைக் கேட்டவர்கள், துரைசாமி சொன்னதே நிஜம், அமிர்தவேணிதான் பொய் சொல்கிறார் என்று சத்தியம் செய்கிறீர்களாம். அதுவும் தவறு. இருவருமே பொய் சொல்லவில்லை.

அப்படியானால் இதை அவரிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களை எனக்குத் தெரியாது. அதனால் சுலபமாக இருக்கிறது. அவரிடம் சொன்னால், "எதுக்குங்க நங்கை?" என்று ஒரு கேள்வி கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைத்தான் சொல்ல முடியாது.

இந்தப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார். கோவில் ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டை அவர் மகள் முற்றத்தில் விளையாடியபடியே பாடினாள். சுருதி துளியும் விலகவில்லை. குரல் விஷயத்தில் என் காது தப்புச் சொல்லாது. அந்தப் பிள்ளைக்குக் குரல் இருக்கிறது! என் கை வேலை நின்றுவிட்டது.

"பாட்டெல்லாம் வேண்டாஞ் சாமி. நம்மளுக்கு அது ஆவாது" என்றார் துரைசாமி. கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். பெரியம்மா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தாள்.

"அப்பன் சொன்னாக் கேக்கோணும் சாமி" என்றேன்.

அவர்கள் ஊருக்குத் திரும்பும் வரை அவள் பாடவே இல்லை.