ஓட்டை வராத மாதம்

திரையின் நடுவே ஒரு சிறிய சாம்பல் நிறப் பெட்டி வந்து நிற்கும். இன்னும் அறுபது நொடியில் இந்தக் கணினி அணையப் போகிறது, செய்துகொண்டிருப்பதைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லும். ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று எண் இறங்கிக்கொண்டே வரும். எதை அழுத்தினாலும் நிற்காது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்த பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்தபோது, ஒரு கோடை முழுவதும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று அணைந்து எழுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று அணையும். பாதி அடித்த விண்ணப்பம் போயிற்றே என்று வந்தவர்கள் என்னைத் திட்டுவார்கள். இன்றைக்குச் சென்னையில் என் வேலையே இதுதான். இயங்குதளத்தில் எங்கே ஓட்டை என்று செய்தி வந்ததும், அதை அடைக்க வரும் திருத்தத்தைக் கம்பெனியின் கணினிகள் அத்தனையிலும் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்து நிமிர்ந்தால் அடுத்தது வந்து நிற்கும். இத்தனை வருடத்தில் சலித்துப் போய்விட்டது. இந்த வேலைக்கு நன்றி சொன்னவர் யாருமில்லை, கணினியை ஏன் அணைத்தாய் என்று சண்டைக்கு வந்தவர்கள்தான் அதிகம். அப்போதெல்லாம் எனக்குப் பாய் நினைவுக்கு வருவார்.

பாய்தான் அந்தக் கடையின் முதலாளி. அதற்கு முன்பு அதே இடத்தில் பிளாஸ்டிக் குடம், கயிறு, கொசுவலை விற்றுக்கொண்டிருந்தவர். காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்த அவருடைய ஒரே மகன், குடங்களை எல்லாம் தள்ளுபடியில் தள்ளிவிட்டு, தடுப்புப் பலகை அடித்து, கணினிகளை வரிசையாக வைத்து, அப்பாவைக் கல்லாவில் உட்கார வைத்தான். பாய்க்கு அதில் கொள்ளைப் பெருமை. கடை சூடு பிடித்த நேரத்தில் மகனுக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. "கொடம் வித்துக்கினு இருந்தவனை இதுல மாட்டி வுட்டுட்டு நீ பிளேன் ஏறிட்டியா? போறவன் அப்டியே போய்டு. எங்கிட்ட பேசாத" என்று பாய் பேருந்து நிலையத்திலேயே, நாலு பேர் பார்க்கச் சொல்லிவிட்டாராம். சொன்னதைக் காப்பாற்றவும் செய்தார். மகன் வீட்டுக்குப் போன் செய்தால் அம்மாவிடம் மட்டும் பேசுவான். பாய் உள்ளே வந்தால் அந்தம்மா பேச்சைப் பாதியில் முறித்துப் போனை வைத்துவிடுவார். மகன் போன பிறகுதான், காவாந்தண்டலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அதனால் அவனை நான் பார்த்ததே இல்லை. ஆனால் கடையில் எதைத் தொட்டாலும் அது அவன் வைத்ததாகத்தான் இருந்தது.

போவதற்கு முன் அவன் எல்லாக் கணினிகளுக்கும் ஒரு பூட்டுப் போட்டிருந்தான். பூட்டு என்பது பாய் வைத்த பெயர், உண்மையில் அது ஒரு மென்பொருள். வருகிறவர்கள் எந்தக் குப்பையை ஏற்றினாலும், எதை அழித்தாலும், கணினியை அணைத்துப் போட்டால் போதும். மகன் கடைசியாக விட்டுப்போன நிலைக்கு அது அச்சு அசலாகத் திரும்பிவிடும். "எவன் இன்னா பண்ணாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா புதுசு கணக்கா கீது பாரு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் பாய் காட்டுவார். விட்டுப் போனவன் மேல் கோபம், அவன் கைவேலை மேல் பெருமை. இரண்டையும் ஒரே மனதில் எப்படி வைத்திருந்தாரோ தெரியாது.

அந்த வருடம்தான் வைரஸ் மாதிரியான கணினிப் புழு ஒன்று வந்தது. கணினியை இணையத்தில் சேர்த்த சில நிமிடங்களில் தானே உள்ளே நுழைந்து, பக்கத்துக் கணினிக்கும் தாவி, எல்லாவற்றையும் அணைத்துப் போட்டது. காஞ்சிபுரத்தில் விசாரித்ததில், இயங்குதளத்தின் உட்கருவான கர்னலிலேயே ஓட்டை இருக்கிறது, திருத்தம் வந்துவிட்டது, அதை ஏற்றினால் தீர்ந்தது என்றார்கள். இதைப் பாயிடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கர்னலா? மிலிட்டிரிக்காரனா? அவன் மேலயே ஓட்டைன்னா நம்ம கதி இன்னாமா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கோடையில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

கடைக்கு இருந்தது ஒரே தொலைபேசி இணைப்பு. பேசவும் அதுதான், இணையத்துக்கும் அதுதான். அதில் இவ்வளவு பெரிய திருத்தத்தை இறக்குவது ஆகிற காரியமில்லை. பஸ் ஏறிப் போய் ஒரு சிடியில் வாங்கி வந்தேன். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து ஏற்றினேன். முடிந்ததும், கணினியை ஒருமுறை அணைத்துத் திறந்தால்தான் திருத்தம் அமலுக்கு வரும் என்று சொன்னது. அணைத்தேன், திறந்தேன். பழைய குருடி கதவைத் திறடி. ஏற்றியதற்கான சுவடே இல்லை. சிடிதான் மோசம் என்று நினைத்து வேறொன்று வாங்கி வந்தேன். அதுவும் அப்படியே. நாள் முழுக்க ஏற்றுவதும், அணைப்பதும், இல்லாமல் போவதும். முதுகு வலி ஒரு பக்கம், எனக்குத்தான் வேலை தெரியவில்லையோ என்ற பயம் ஒரு பக்கம். திரையின் மூலையில் மகன் போட்ட பூட்டின் சின்னம் அது பாட்டுக்கு இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த ஒரு மதியம்தான் விஷயம் உறைத்தது. கர்னலின் திருத்தம் முழுமையாக வேண்டுமானால் கணினியை அணைக்க வேண்டும். அணைத்தால் மகன் போட்ட பூட்டு எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். அந்தப் பழைய நிலையில்தான் ஓட்டை இருக்கிறது. எங்களைக் காப்பாற்ற வைத்த பூட்டு ஓட்டையையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பூட்டைத் திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும். அது தெரிந்தவன் ஷார்ஜாவில் இருந்தான்.

"வேற வழி இல்ல பாய். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுடலாம்" என்றேன். பாய் சட்டென்று தலையாட்டி மறுத்தார். "அவன் போட்டதை அழிக்காத" என்றார். பிறகு, அப்படிச் சொன்னது எப்படிக் கேட்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். "செலவும்மா அது" என்று சேர்த்துக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியாக இருந்தது. சாலவாக்கம் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். அன்றைக்கும் சாம்பல் பெட்டி வந்து எண்ணை எண்ணிக்கொண்டு நின்றால், பிறகு யாரும் படி ஏற மாட்டார்கள் என்பது பாய்க்கும் தெரியும். மீண்டும் குடம் விற்கிற வயதும் அவருக்குப் போய்விட்டது. "மகனுக்குப் போன் போடுங்க பாய்" என்று நான் சொன்னபோது, "நீ போடு. நீ கேளு" என்று நம்பரை வீட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்துவிட்டு, வாசலில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

இணைய வயரைக் கழற்றிப் போனில் மாட்டிக் கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னதும் அவன் மரியாதையாகத்தான் பேசினான். பாஸ்வேர்டு வேண்டும் என்றேன். "அதை உங்க கிட்ட சொல்ல மாட்டேங்க. தப்பா நெனச்சிக்காதீங்க. அத்தாவைக் கூப்டுங்க, அவர் கிட்டதான் சொல்வேன்" என்றான். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ரிசீவரை வாசல் பக்கம் நீட்டினேன். பாய் திரும்பிப் பார்த்தார். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். வாங்கிக் காதில் வைத்தவர் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தொண்டையைச் செருமினார், கல்லா மேஜையைத் துடைத்தார், கடைசியில் திட்ட ஆரம்பித்தார்.

"இன்னா பூட்டுடா போட்டு வச்சிட்டுப் போய்க்கிற? அந்தப் பொண்ணு நாள் பூரா உக்காந்து மாரடிக்கிது. ஒரே பேஜாரா கீதுடா!"

அந்தப் பக்கம் அவன் சிரிப்பது எனக்கே கேட்டது. பாய் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"இன்னாமா இவன், பேஜாருன்னா அதான் பாஸ்வேர்டுன்றான்!"

தன் அப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சொல்லைச் சொல்வார் என்று அவனுக்குத்தானே தெரியும். பாய் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுச் சொல்ல, நான் அடித்தேன். பி, இ, ஜே, ஏ. "எத்தினி ஏ-டா?" என்று அதட்டினார். இரண்டு என்றான் போல. "ரெண்டாம்மா" என்றார் என்னிடம். பூட்டு திறந்தது. நான் திருத்தத்தை ஏற்றத் தொடங்கினேன். பாய் போனை வைக்கவில்லை. இணைப்பு வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

முடிவு வெளியான நாளில் கணினிகள் ஒழுங்காக ஓடின. கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. ஆனால் ஓட்டை அடைப்பது முடிகிற வேலையா? அடுத்த மாதம் கர்னலில் வேறொரு ஓட்டை என்றார்கள், வேறொரு திருத்தம் வந்தது. பூட்டைத் திறக்க வேண்டும் என்று சொன்னதும் பாய் நெற்றியைச் சொறிந்தார். "இன்னாவோ சொன்னானே, மறந்து பூட்ச்சேம்மா. கேட்டுட்றேன் இரு" என்று போனை எடுத்துவிட்டார். அன்று காலையிலிருந்து மட்டும் அந்தச் சொல்லை அவர் பல முறை சொல்லியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவருக்கு அது மறந்துபோகும். அவனும் ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிச் சொல்வான். பிறகு என்ன சமைத்தாய், வெயில் எப்படி, நோன்புக்கு லீவு உண்டா என்று பேச்சு நீளும். சும்மா கூப்பிட்டுப் பேச அந்த மனிதருக்கு வரவில்லை. பேசாதே என்று ஊரறியச் சொன்னவர் அல்லவா, ஒரு காரணம் வேண்டியிருந்தது.

ஒரு மாதம் எந்தத் திருத்தமும் வரவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு மாலை பாய் தொழுகை முடித்து வந்து, தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என் மேஜைப் பக்கம் சும்மா நின்றார். கணினிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"இந்த மாசம் ஓட்டை எதுவும் வர்லியாம்மா?"

இந்த வேலையில் இத்தனை வருடமாகிறது. இப்படிக் கேட்ட மனிதர் அவர் ஒருவர்தான். நான் எழுந்து போய் இணைய வயரைக் கழற்றினேன்.

"வந்திருக்கு பாய். பெரிய ஓட்டை. போன் போடுங்க."