ஆழ்வார்குறிச்சியும் ஜுன்ஜுனுவும்

பாளையங்கோட்டையில் நான் ஆங்கிலம் நடத்தும் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவுக்கு, ராஜஸ்தானிலிருந்து ஒரு பேராசிரியை சிறப்பு விருந்தினராக வந்தார். பதக்கம் வாங்கும் பிள்ளைகளின் பெயரோடு ஊரையும் சேர்த்து விருந்தினரே வாசிப்பது எங்கள் வழக்கம். அதை ஏற்படுத்திய மகான், வெளியூர்க்காரர்களைக் கூப்பிட நேரும் என்று நினைத்திருக்க மாட்டார்.

முதல்வர் என்னைத் தனியாக அழைத்தார். "அந்தம்மா நம்ம ஊர்ப் பேரையெல்லாம் கடிச்சுத் துப்பிராம பாத்துக்கிடும் வே."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் ஆழ்வார்குறிச்சிக்காரன். ழகரத்துக்கு என் பெயரில் பட்டா இருப்பதாக நினைப்பு.

பேராசிரியை பட்டியலைப் பார்த்து "அல்வார்குறிச்சி" என்று வாசித்தார். காலையில் தின்ற அல்வா நினைவுக்கு வந்ததோ என்னவோ, "அல்வா இந்த ஊரில்தான் செய்கிறார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அல்வா வேறு, ஆழ்வார் வேறு என்று விளக்கிவிட்டு, நாக்கை மடக்கும் விதத்தை வாயைத் திறந்து காட்டினேன். அவரும் திறந்தார். காப்பி கொண்டுவந்த உதவியாளர் எங்களைப் பார்த்துவிட்டுப் பைய கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அரைமணி நேரத்தில் அவருக்கு ழகரம் வந்துவிட்டது. மேடையில் அவர் "ஆழ்வார்குறிச்சி" என்றதும், முன்வரிசையில் ஒரு தகப்பனார் பக்கத்து ஆளிடம், "நாமளே ஆள்வார்குறிச்சின்னுதாம்லே சொல்லுதோம். இந்தம்மா எப்படிச் சொல்லுதாங்க பாரு!" என்றார். அந்தப் பாராட்டையும் என் கணக்கில் வாங்கிக்கொண்டேன்.

அடுத்து நன்றியுரை. ஆற்றியது நான். விருந்தினரின் ஊர் ஜுன்ஜுனு. அதை எப்படிச் சொல்வது என்று அந்த அரைமணியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாத்தியார் கேட்பாரா? "சுஞ்சுனூரிலிருந்து வந்திருக்கும்" என்று கம்பீரமாக முழங்கினேன். கூட்டம் கைதட்டியது. அவர் மட்டும் அது எந்த ஊர் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

காப்பி நேரத்தில் மெதுவாகத் திருத்தினார். "நாக்கை மடக்க வேண்டாம். மூச்சோடு சேர்த்து 'ஜ' சொல்லுங்கள்." காது சுட, சொன்னபடி செய்தேன். மூச்சு வந்தது, எழுத்து வரவில்லை.

முதல்வர் எட்டிப் பார்த்தார். "காப்பி ரொம்பச் சூடா இருக்கோ? இந்த ஊது ஊதுதீரு!"

பேராசிரியை காரில் ஏறுமுன், அவர் ஊர்ப் பெயரை அவரிடம் கடைசியாக ஒருமுறை சொல்லிக் காட்டினேன். அவர் கைகூப்பி, "பரவாயில்லை, எங்கள் ஊர் கோபித்துக்கொள்ளாது" என்றார்.