பெரியண்ணன் மகள் அடித்துக்கொண்ட மொட்டை

லால்குடியில் உரக்கடை வைத்திருக்கும் பெரியண்ணனுக்குப் பெரிய மனிதர் என்ற நினைப்பு. கடை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, யாருக்கு எந்த டாக்டர் சரி என்று தீர்ப்புச் சொல்வார். அடுத்தவர் ஸ்கேன் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, என்னவோ புரிந்தமாதிரி தலையாட்டுவார். உரம் வாங்கப் போகும் நான் அந்தக் கண்றாவியையெல்லாம் பார்த்தவன்.

சொந்த மகள் சுபலட்சுமிக்கு வலிப்பு வந்ததும் அந்த வாய் அடைத்துக்கொண்டது. புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, சாயம் செலுத்தி, மூளையின் ரத்தக்குழாய்களைப் படம் பிடித்தார்கள். டாக்டர் ஷெர்லின் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவருக்குப் புரியும்படிதான் சொன்னார்.

"நடுவுல இருக்கவேண்டிய நுண்ணிய குழாய்ங்க இல்லைங்க. வேகமா வர்ற ரத்தம் நேரா மெல்லிசான குழாய்க்குள்ள பாயுது. மதகுத் தண்ணி அப்படியே வயல்ல பாஞ்சா வரப்பு தாங்குமா? எப்ப வேணும்னாலும் வெடிக்கலாம். முதல்ல பசை மாதிரி மருந்து விட்டு அடைப்போம். அப்புறம் மண்டையைத் திறந்து அந்தச் சிக்கலை எடுத்துடலாம்."

"அப்ப முடி?"

"எடுக்கத்தான் வேணும்."

மனுஷன் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அடுத்த மாதம் துறையூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். "மொட்டைத் தலையோட எப்படிங்க காட்டுறது? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று என்னிடமே சொன்னார், வெட்கம் கெட்டவர். தாலி ஏறிவிட்டால் மகள் உயிர் மாப்பிள்ளை வீட்டுச் சமாச்சாரம் போலிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். சுபலட்சுமி வந்து நின்றாள். தலையில் பொட்டு முடி இல்லை, சந்தனம் பூசியிருந்தது.

"என்னடி இது?" பெரியண்ணன் பதறி எழுந்தார்.

"சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்பா. காலையில தனியா போய் முடி குடுத்துட்டு வந்தேன்."

அம்மனுக்குக் கொடுத்த முடிக்காக யார் திட்ட முடியும்? உரம் வாங்க வந்த வெள்ளையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இப்படிப் பொண்ணு பெத்தீங்களே, குடுத்து வச்சவருங்க!" என்றாள். அவரும் கூசாமல் கைகூப்பினார்.

சுபலட்சுமி அவரையே பார்த்தாள். "முடிதானேப்பா தடையா இருந்துச்சு, இப்ப அது இல்லை. செத்துருவேனோன்னு பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஆஸ்பத்திரியா, எதுக்குங்க?" என்றாள் வெள்ளையம்மாள்.

"சும்மா தலைவலிங்க" என்று பெரியண்ணன் இளித்தார்.

"இல்லக்கா. மூளையில ரத்தக்குழாய் சிக்கிக் கிடக்கு. வெடிச்சா போயிருவேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் பெரியண்ணன் பக்கம் திரும்பினார்கள். பெரியண்ணன் கார் சாவியை எடுத்தார். மறைக்க இனி ஒன்றுமில்லை என்றான பிறகுதான் அவருக்கு மகளின் உயிர் ஞாபகம் வந்தது.