பாஞ்சாலி பெருக்காத மூலை

ஸ்ரீராம்புரத்துப் பாஞ்சாலிக்கு வாய் கொஞ்சம் நீளம். குற்றம் செய்த பையன்களைக் கோர்ட்டு அனுப்பிவைக்கும் விடுதியில், 1958-இல், அவள்தான் கூட்டிப் பெருக்குகிறவள். சூபரின்டென்டன்ட் சீனிவாசராகவனிலிருந்து வாட்ச்மேன் பெருமாள்சாமி வரை எல்லோரும் அந்த வாய்க்குப் பயந்தவர்கள்.

ஜூன் மாதம் ஏகாம்பரம் வந்து சேர்ந்தான். பதினாறு வயது, ஒக்கலிபுரம். ரயில்வே ஸ்டேஷனில் ஜேப்படி அடித்து மாட்டிக்கொண்டவன். அதைவிடப் பெரிய தொல்லை கஞ்சா. அது இல்லாமல் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உட்கார்ந்து கோரைப்பாயைப் பிய்த்துக்கொண்டே இருப்பான். விடிந்தால் பாய்க்கடியில் ஒரு கைப்பிடி கோரை கிடக்கும். பாஞ்சாலி திட்டிக்கொண்டே கூட்டி அள்ளுவாள்.

ஆறு மாதம் கஞ்சாவைத் தொடாவிட்டால் வீடு, தொட்டால் ஜெயில். அதுதான் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு. வியாழக்கிழமைதோறும் மனநோய் டாக்டர் நோரா லிங்கராஜபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். "நல்லா தூங்கறியா?" என்று ஒவ்வொருவனையும் கேட்பார். "தூங்கறேன் டாக்டரம்மா" என்று எல்லோரும் ஒரே மாதிரி புளுகுவார்கள்.

ஐந்தாம் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, ஏகாம்பரம் படுக்கும் மூலையில் கஞ்சா விதையும் சாம்பலும் கிடந்ததைச் சீனிவாசராகவன் பார்த்துவிட்டார். "ஜெயிலுக்கு எழுதிடறேன்" என்று குதித்தார். ஏகாம்பரம் தன் துணியை மூட்டை கட்ட ஆரம்பித்தான். தன்னை யாராவது நம்புவார்கள் என்று அவனுக்கே நம்பிக்கை இல்லை.

சாயங்காலம் பெருக்கிய குப்பையை அன்றைக்கே வெளித்தொட்டியில் கொட்டவேண்டும் என்பது சர்க்கார் விதி. விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே கொட்டினால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது பாஞ்சாலி விதி. முந்தின நாள் மழையில் நேரமாகிவிட்டது. விளக்கும் வைத்தாயிற்று. அதனால் வாசல் வராந்தாவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த குப்பை முழுவதையும் அந்த மூலையில் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பையன் போவான்.

நோரா வந்து உட்கார்ந்ததும் பாஞ்சாலி துடைப்பத்தோடு உள்ளே நுழைந்தாள்.

"அது நான் வாசல் வராந்தாவுலேருந்து தள்ளின குப்ப சார். வெளக்கு வெச்சப்புறம் நான் வெளிய கொட்டறதில்ல. என் வேலைய எடுத்துக்குங்க, பையன ஜெயிலுக்கு அனுப்பாதீங்க."

"அவன் கஞ்சா குடிக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் நோரா.

"அவன் குப்ப எனக்குத் தெரியாதா டாக்டரம்மா? மொத மாசம் தெனம் ஒரு கை கோர. தசராவுக்கு அரக் கை. இப்ப ஒரு சிட்டிக. குடிச்சிருந்தா அன்னிக்கே அடிச்சிப் போட்டா மாதிரி தூங்கியிருப்பான். நேத்தும் பிச்சிருக்கான், வந்து பாருங்க!"

நோரா தாமே போய்ப் பாயைத் தூக்கினார். சிட்டிகைக் கோரை இருந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்.

"அஞ்சு மாசமா நான் கேக்கற கேள்விக்குப் பதில் உன் முறத்துல இருந்திருக்கே! சரி, வராந்தாவுல யாரு உட்காருவாங்க?"

வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்த வாட்ச்மேன் பெருமாள்சாமி முகம் கழுவப் போகிறவர் மாதிரி மெல்லக் குழாயடிப் பக்கம் நழுவினார். சீனிவாசராகவன் அவரைத் திருப்பி அழைத்தார். அடுத்த வாரம் வாசலுக்கு வேறு வாட்ச்மேன் வந்தார். பாஞ்சாலிக்குக் கிடைத்த தண்டனை, இனிமேல் விளக்கு வைப்பதற்குள் பெருக்கி முடிக்கவேண்டும் என்பதுதான். லட்சுமிக்கும் சர்க்காருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நோரா முதலில் பாஞ்சாலியைக் கூப்பிடுவார், பிறகுதான் பையன்களை.

ஆறாம் மாதக் கடைசியில் ஒருநாள். எழுப்பும் மணி அடித்து எல்லோரும் பல் விளக்கப் போய்விட்டார்கள். ஏகாம்பரம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். பாஞ்சாலி பாயின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். ஒரு இழை கோரை இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் பெருக்கிவிட்டு வெளியே வந்தாள்.

"என்ன பாஞ்சாலி, அந்த மூலையை விட்டுட்டயே?" என்றார் எதிரே வந்த சீனிவாசராகவன்.

"மெல்லப் பேசுங்க சார்" என்று அதட்டினாள் அவள். "புள்ள தூங்கறான்."